கிளினிக்கல் சமூகவியலைப் படித்தால் மனிதர்களுக்கு நேரடியாக உதவ முடியுமா?

சமூகவியல் முதுகலை இறுதி ஆண்டில் இருக்கும் நீங்கள் மூன்று கேள்விகளை அடுக்கியிருக்கிறீர்கள். கிளினிக்கல் சமூகவியல் என்று உண்மையிலேயே ஒரு துறை இருக்கிறதா, அது மருத்துவச் சமூகவியலிலிருந்து எப்படி வேறுபடுகிறது, அதைப் படித்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் போல அறை போட்டு ஆட்களைப் பார்க்கலாமா என்பவை அவை. இம்மூன்றுக்கும் அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. துன்பத்துக்கான சமூகக் காரணங்களை விளக்கக் கற்றுக்கொடுத்த ஒரு படிப்பை வைத்துக்கொண்டு, துன்பப்படும் ஒருவர் எதிரே வந்து உட்காரும்போது ஏதாவது செய்ய முடியுமா என்பதைத்தான் நீங்கள் அறிய விரும்புகிறீர்கள். மருத்துவக் கல்லூரி ஒன்றின் சமுதாய மருத்துவத் துறையில் சமூகவியலாளனாகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் நான். செய்ய முடியும் என்பதே என் பதில். ஆனால் அந்த உதவி பெரும்பாலும் தனி அறைக்குள் நடப்பதில்லை. அதை உங்கள் பெயரால் மட்டும் செய்யவும் முடியாது.

முதலில் வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவச் சமூகவியல் என்பது நோய், மருத்துவமனை, மருத்துவர், நோயாளி ஆகியவற்றைச் சமூக நிகழ்வுகளாக ஆராயும் துறை. ஆராய்ந்து எழுதிவிட்டால் அதன் கடமை முடிந்துவிடும். கிளினிக்கல் சமூகவியலுக்கு மருத்துவமனையோடு தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு தொழிற்சாலையில் ஓயாமல் நடக்கும் சண்டை, ஒரு பள்ளியில் ஒரே தெருப் பிள்ளைகள் மட்டும் இடையில் நின்றுவிடுவது, வேறு இடத்துக்குப் பெயர்க்கப்பட்ட ஒரு கிராமம் புதிய இடத்தில் வேர்பிடிக்காமல் தவிப்பது என எதுவும் அதன் களமாகலாம். குறிப்பிட்ட மனிதர்களின் குறிப்பிட்ட சிக்கலை எடுத்துக்கொண்டு, அவர்களைச் சூழ்ந்துள்ள உறவுகளும் ஏற்பாடுகளும் அந்தச் சிக்கலை எப்படித் தாங்கி நிற்கின்றன என்று கணித்து, அவர்களோடு சேர்ந்தே அந்த ஏற்பாடுகளை மாற்ற முயல்வதுதான் இதன் வேலை. கணிப்பும் தலையீடும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை. மாற்ற முயலும்போதுதான் முதல் கணிப்பில் இருந்த பிழை தெரியவரும் என்பதால், தலையீட்டுக்குப் பிறகு மறுபடியும் கணிக்க வேண்டியிருக்கும்.

பெயர் புதிதாகத் தோன்றினாலும் துறைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வயது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்த மில்டன் விண்டர்னிட்ஸ் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் பள்ளியில் கிளினிக்கல் சமூகவியலுக்கென ஒரு தனித் துறையைத் தொடங்க முயன்றார். நோயாளியின் வீடும் வேலையும் வறுமையும் தெரியாமல் மருத்துவர் ஒருவர் தேர்ச்சி பெற்று வெளியேறக் கூடாது என்பது அவர் எண்ணம். அதற்கான நிதி கிடைக்கவில்லை. துறை தொடங்கப்படவும் இல்லை. 1931இல் சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியல் மரபைச் சேர்ந்த லூயிஸ் வர்த் இதே பெயரில் ஒரு கட்டுரை எழுதினார். அன்று அமெரிக்க நகரங்களில் பெருகிவந்த குழந்தை வழிகாட்டு நிலையங்களில் உளமருத்துவர், உளவியலாளர், சமூகப்பணியாளர் ஆகியோருடன் சமூகவியலாளருக்கும் ஓர் இடம் உண்டு என்று அவர் வாதிட்டார். அடங்காத பிள்ளை எனக் கொண்டுவரப்படும் சிறுவனின் நடத்தை, அவன் சேர்ந்திருக்கும் கூட்டத்துக்குள் முற்றிலும் முறையானதாக இருக்கலாம் என்ற பார்வை அதில் அடங்கியிருந்தது. அதன் பிறகு இந்தப் பெயர் நெடுங்காலம் ஒதுங்கியே கிடந்தது. 1978இல்தான் அமெரிக்காவில் கிளினிக்கல் சமூகவியல் சங்கம் தோன்றியது. பிற்பாடு பெயர் மாறி, 2005இல் பயன்பாட்டுச் சமூகவியலாளர் அமைப்போடு இணைந்து ஒரே சங்கமாயிற்று. அந்தச் சங்கம் தகுதிச் சான்றிதழும் வழங்குகிறது. உலகச் சமூகவியல் சங்கத்தில் நாற்பத்தாறாம் எண் ஆய்வுக்குழு இதற்கென்றே இயங்குகிறது. எனவே துறை இருக்கிறது. சிறியது, ஆனால் உண்மையானது.

வரலாற்றை இதற்கு மேல் நீட்டாமல், இந்தத் துறை எதைப் பார்க்கிறது என்பதைக் காட்ட எனக்குத் தெரிந்தவற்றில் மிகத் தெளிவான நிகழ்வொன்றைச் சொல்கிறேன். 1972 பிப்ரவரி 26ஆம் நாள் காலை, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்து லோகன் மாவட்டத்தில், நிலக்கரிக் கழிவைக் கொட்டி எழுப்பியிருந்த அணை உடைந்து, பஃபலோ கிரீக் என்ற ஓடையின் பள்ளத்தாக்கில் கறுப்பு நீர் பாய்ந்தது. ஓடையோரம் வரிசையாக அமைந்திருந்த சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துச் செல்லப்பட்டன. 125 பேர் இறந்தனர். ஏறத்தாழ 4,000 பேர் வீடிழந்தனர். சுரங்க நிறுவனத் தரப்பு அதைக் கடவுளின் செயல் என்றது. உயிர்பிழைத்தவர்களில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் வழக்குத் தொடுத்தபோது, அவர்களது வழக்கறிஞர்கள் யேல் சமூகவியலாளர் கை எரிக்சனை ஆய்வுக்கு அமர்த்தினார்கள்.

எரிக்சன் கண்டது என்ன என்பதை நிதானமாகக் கவனியுங்கள். வெள்ளம் வடிந்து பல மாதங்கள் ஆன பிறகும் மக்கள் தூக்கமின்றியும் நடுக்கத்தோடும் எதிலும் பிடிப்பின்றியும் இருந்தனர். மழை பெய்தால் பயந்தனர். இதுவரைதான் என்றால் உளமருத்துவர்களே போதும். ஆனால் அரசு வீடிழந்தவர்களை இழுவை வண்டி வீடுகள் கொண்ட முகாம்களில் குடியமர்த்தியபோது, யாருக்கு அடுத்து யார் என்பதைப் பார்க்காமல், இடம் காலியாகக் காலியாக, வந்த வரிசையிலேயே ஒதுக்கியது. தலைமுறைகளாகக் கதவைத் தட்டாமல் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போய்வந்த மக்கள், முகமறியாதவர்களுக்கு நடுவே தங்கவைக்கப்பட்டார்கள். நோயுற்றால் கஞ்சி கொண்டுவருபவர், பிள்ளையைக் கண்டிக்கும் உரிமை உள்ள பக்கத்து வீட்டுக்காரர், சாவு வீட்டில் முதலில் வந்து நிற்பவர் என்று அவர்களது அன்றாட நலத்தைத் தாங்கியிருந்த உறவுப் பின்னல் அறுந்துபோயிருந்தது. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஏற்பட்ட தனி அதிர்ச்சியோடு கூட்டு அதிர்ச்சி என்ற இன்னொரு காயமும் இருக்கிறது என்று எரிக்சன் எழுதினார். அந்த இரண்டாம் காயம் இருக்கும்வரை முதல் காயம் ஆறுவது கடினம். 1974இல் வழக்கு 1.35 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. அணை உடைந்தபோது ஊரில் இல்லாதவர்கள்கூட உள்ளக் காயத்துக்கு இழப்பீடு பெற்றவர்களில் இருந்தார்கள் என்பது அந்தத் தீர்வின் முக்கியக் கூறு.

எரிக்சனின் பணி கிளினிக்கல் சமூகவியல் என்ற பெயரில் நடந்ததல்ல. ஒரு வழக்குக்கான ஆய்வாக நடந்தது. ஆயினும் இத்துறையினர் என்ன செய்ய விரும்புகிறார்களோ அதன் முதல் பாதி, அதாவது கணிப்பு, அங்கே செம்மையாக நிகழ்ந்திருக்கிறது. முகாமில் வீடு ஒதுக்கும் முறை என்ற ஒரு நிர்வாக முடிவு மக்களின் தூக்கத்தைப் பாதித்தது என்று காட்டுவதற்கு மருந்துப் பெட்டி உதவாது. உறவுகளை வரைபடமாக்கத் தெரிந்த கண் வேண்டும். நம் பக்கத்தில் இதே பார்வைக்கு மருத்துவத்தின் வழியாக வந்து சேர்ந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம். போரும் ஆழிப்பேரலையும் கண்ட வட இலங்கையில், தனி நோயாளிக்கான சிகிச்சை மட்டும் போதாது, குடும்பமும் ஊரும் பட்ட காயத்தைக் கூட்டு நிலையிலேயே அணுக வேண்டும் என்று அவர் விரிவாக எழுதியிருக்கிறார். இரண்டு துறைகள் இரு திசைகளிலிருந்து நடந்து ஒரே இடத்தில் சந்தித்திருப்பதை நான் வலுவான சான்றாகவே கொள்கிறேன்.

இவ்வளவு பெரிய பேரழிவு எல்லாருடைய பணியிலும் வராது. எனக்கு அன்றாடமாக இருந்தது குடிநோய் மீட்பு வார்டு. நன்றாகத் தேறி வீடு திரும்பும் கட்டடத் தொழிலாளர்கள் சில வாரங்களில் மறுபடியும் குடித்துவிட்டு வருவதும், அவர்களில் பலர் ஒரே பகுதியிலிருந்து வருவதும் கண்டு, அவர்களது வாரம் எப்படி ஓடுகிறது என்று கேட்கத் தொடங்கினோம். சனிக்கிழமை மாலையில் ஒப்பந்தக்காரர் மேஸ்திரியிடம் குழுவின் மொத்தக் கூலியையும் 500 ரூபாய்த் தாள்களாகக் கொடுத்துவிடுவார். ஒவ்வொருவருக்கும் நாள் கணக்கு வேறு, முன்பணக் கழிவு வேறு என்பதால் பிரித்துக்கொடுக்கச் சில்லறை வேண்டும். அந்த நேரத்தில் அத்தனை சில்லறை கிடைக்கும் இடம் டாஸ்மாக் கடையை ஒட்டிய பார்தான். ஆகவே மேஸ்திரி அங்கே மேசையில் சிறிய கணக்குப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கணக்கு முடிப்பார். சிகிச்சை முடித்து வந்தவரும் தம் கூலிக்காக அங்கே போய் நின்றே ஆக வேண்டும். போகாமல் மனைவியை அனுப்பினால், வேறு மேஸ்திரியிடம் போகப் பார்க்கிறார் என்ற சந்தேகம் வரும். திங்கட்கிழமை வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். கூலியை வாங்கிவிட்டு உடனே எழுந்து வந்தால் கூட்டாளிகளை அவமதித்ததாக ஆகும்.

வார்டில் நாங்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்த மன உறுதி, மறுப்புச் சொல்லும் பயிற்சி எல்லாம் அந்த மேசைக்கு முன்னால் கால் மணி நேரம் தாங்கினால் பெரிது. அதனால் மேஸ்திரியிடமும் அவரது குழுவினரின் மனைவிமாரிடமும் தனித்தனியாகவும் பிறகு சேர்த்தும் பேசினோம். மேஸ்திரியைக் கெட்டவராக நடத்தவில்லை. அவருக்கும் திங்கட்கிழமை ஆள் குறைவது பெரிய நட்டம். ஞாயிறு காலையில் டீக்கடையில் வைத்துக் கணக்கு முடிப்பது, ஒரு மளிகைக் கடைக்காரர் சில்லறைக்குப் பொறுப்பேற்பது, விரும்புவோருக்குத் தொகையில் ஒரு பகுதியை போனில் அனுப்புவது என்ற ஏற்பாடு அவர்கள் வாயிலிருந்தே வந்தது. சனிக்கிழமை கூலி கொடுக்காமல் இருந்தால் ஞாயிறு கறி எடுக்க முடியாதே என்று பெண்கள் எழுப்பிய கேள்வியை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. அதற்காகச் சிறு தொகையை வெள்ளியன்றே தருவதாக முடிவாயிற்று. வேறு காலத்திலும் வேறு நாட்டிலும் இதே சிக்கல் எழுந்திருக்கிறது. மதுக்கடைகளில் வைத்துத் தொழிலாளருக்குக் கூலி கொடுப்பதைத் தடை செய்து பிரிட்டனில் 1883இல் தனிச் சட்டமே இயற்றினார்கள்.

இதன் விளைவைப் பற்றி எவ்வளவு உறுதியாகப் பேச முடியும் என்பதே உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி. அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் வார்டுக்குத் திரும்பி வருவது குறைந்தது. இதை நான் கண்டேன். குறைந்ததற்குக் கூலி ஏற்பாடுதான் காரணம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதே காலத்தில் தொடர் சிகிச்சைக்கு வருபவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வழக்கமும் தொடங்கியிருந்தது. குடும்பத்தினர் நம்மைக் கவனிக்கிறார்கள் என்ற எண்ணமே சிலரை மாற்றியிருக்கக் கூடும். ஒப்பிட்டுப் பார்க்க, ஏற்பாடு எதுவும் மாறாத இன்னொரு குழுவை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. கிளினிக்கல் சமூகவியலின் பொதுவான நிலையும் இதுதான். சமூக ஏற்பாடுகள் உடல்நலத்தையும் மனநலத்தையும் பாதிக்கின்றன என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட ஒன்று. அந்த ஏற்பாடுகளை ஒரு வல்லுநர் திட்டமிட்டு மாற்றினால் எவ்வளவு பயன் விளையும் என்பது அந்த அளவுக்கு நிறுவப்பட்டதல்ல. சிகாகோவில் கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற இரு சமூகவியலாளர்கள், ஒரு வட்டாரத்தில் குடியிருக்கும் மக்களினம் மாறிமாறி வந்தாலும் இளங்குற்ற விகிதம் அங்கே உயர்வாகவே இருப்பதைக் காட்டி, கோளாறு பிள்ளைகளின் பிறப்பில் இல்லை, வட்டாரத்தின் நிலையில் இருக்கிறது என்று நிறுவினார்கள். அந்த ஆய்வு இன்றும் நிற்கிறது. அதை அடிப்படையாகக் கொண்டு உள்ளூர்வாசிகளையே பொறுப்பாக்கி 1930களில் ஷா தொடங்கிய சிகாகோ வட்டாரத் திட்டம் குற்றத்தைக் குறைத்ததா என்பதை மட்டும் முடிந்த முடிபாகச் சொல்ல முடியாமல் போனது. கணிப்பின் வலிமையைத் தலையீட்டின் வலிமையாக எண்ணிவிடாதீர்கள்.

தனி மனிதரோடு உட்கார்ந்து பேசும் வடிவமே இத்துறையில் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பிரான்சில் சமூகவியலாளர் வேன்சான் த கோல்ஜாக் வளர்த்தெடுத்த மரபு அதற்கு மிக அருகில் வருகிறது. சிறு குழுவாகக் கூடியவர்கள் ஒவ்வொருவரும் பெரிய தாளில் தம் குடும்ப மரத்தை வரைந்து, தாத்தா பாட்டியின் தொழில், படிப்பு, ஊர்ப்பெயர்ச்சி, நிலம் வந்ததும் போனதும் ஆகியவற்றைக் குறித்து, குழுவின் முன் விளக்குவார்கள். உழவர் அல்லது தொழிலாளர் வீட்டிலிருந்து படிப்பால் மேலேறியவர், தம் பெற்றோரைப் பற்றிக் கூச்சப்படுவதும், அப்படிக் கூச்சப்பட்டதற்காகத் தம்மையே வெறுப்பதும் அவரது தனிப்பட்ட கோளாறு அல்ல, வர்க்கம் மாறும் பாதையில் எழும் முரண் என்று 1987இல் வெளிவந்த நூலில் கோல்ஜாக் விளக்கினார். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த நம் கல்லூரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியாது. வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்த அப்பாவை விடுதி வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டு, இரவெல்லாம் உறங்காமல் மறுநாள் தலைவலி மாத்திரை கேட்டு வரும் மாணவரை நான் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் அந்தத் தாளில் சாதியும் வந்து உட்காரும் என்பதால், குழுவில் யார் யாரைச் சேர்ப்பது, எதை எல்லார் முன்னிலையிலும் சொல்லவைப்பது என்பதில் பிரெஞ்சு முறையை அப்படியே பின்பற்றுவது ஆபத்து. குழுவில் ஒருவர் சொன்னது அடுத்த நாள் விடுதியில் அவருக்கு எதிராகப் பயன்படலாம்.

ஆபத்து என்ற சொல் வந்ததால் இன்னும் ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ஒரு மனிதரை நோயாளி என்று கணிப்பதைவிட ஒரு சமூகத்தை நோயுற்றது என்று கணிப்பது பன்மடங்கு தீங்கு செய்ய வல்லது. குற்றப் பழங்குடிகள் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்த அந்த ஏற்பாடு, பிறப்பாலேயே மனிதர்களைக் குற்றவாளிகளாக எழுதிக் கைரேகை வாங்கியது. அதை எதிர்த்த மக்கள்மீதுதான் 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்தது. அன்றைய அதிகாரிகளும் ஒரு சமூகத்தைச் சீர்திருத்துவதாகவே சொன்னார்கள். ஷாவும் மெக்கேயும் வட்டாரத்தின் நிலையைக் குறைசொன்னார்களே தவிர மக்களினத்தை அல்ல என்பதன் அருமை இந்த வரலாற்றோடு வைத்துப் பார்க்கும்போதுதான் புரியும். கணிப்பு எப்போதும் ஏற்பாட்டின்மேல் நிற்க வேண்டும். அதைச் சம்பந்தப்பட்டவர்கள் படித்து மறுக்கும் வாய்ப்பும் இருக்க வேண்டும். இதோடு, உங்கள் சம்பளத்தைத் தருபவர் யார் என்பதையும் தொடக்கத்திலேயே எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும். நிர்வாகம் அழைத்து நீங்கள் போய், தொழிலாளர் சொன்னதைக் கேட்டு, சிக்கலின் வேர் நிர்வாகத்திடமே இருப்பதாகக் கண்டால் என்ன செய்வீர்கள் என்பதற்கு எழுத்தில் விடை இல்லாமல் எந்தப் பணியையும் ஏற்காதீர்கள்.

இனி அறை போட்டு ஆட்களைப் பார்ப்பது பற்றி. இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பணிபுரிய, அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவும் வேண்டும். கிளினிக்கல் சமூகவியலாளருக்கு அப்படி ஒரு சட்டப்படியான பதிவு இங்கே இல்லை. அமெரிக்கச் சங்கம் தரும் சான்றிதழும் துறையினரின் சங்கம் ஒன்று தரும் தகுதிச் சான்றே. அரசு உரிமம் அல்ல. ஆகவே சமூகவியல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மனச்சோர்வு, மனச்சிதைவு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றோடு வருபவர்களைத் தனியாகக் கையாள்வது தவறு. சமூகக் காரணத்தை நீங்கள் சரியாகவே கண்டுபிடித்திருந்தாலும், அதை மாற்றும்வரை அந்த மனிதர் உயிரோடும் பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும்; அதற்குரிய பயிற்சி உளமருத்துவருக்கும் உளவியலாளருக்கும் உண்டு. அப்படிப்பட்டவர் வந்தால் அன்றே அவர்களிடம் அனுப்பிவிட்டு, குடும்பம், வேலை, கடன், தெரு என்ற பகுதியை அவர்களோடு சேர்ந்து நீங்கள் பார்க்கலாம்.

வேலை வாய்ப்பைப் பொறுத்தவரை, இந்தப் பெயர் தாங்கிய பணியிடத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இதே வேலை சமுதாய மருத்துவத் துறைகளிலும், குடிநோய் மீட்பு நிலையங்களிலும், மறுகுடியமர்வுத் திட்டங்களிலும், தொழிலகங்களின் மனிதவளப் பிரிவுகளிலும் வேறு வேறு பெயர்களில் நடக்கிறது. நோயாளிகளோடு நேரடியாகப் பணிபுரிவதில் உங்களுக்கு உறுதி இருந்தால், முதுகலைக்குப் பிறகு மருத்துவ, உளநலப் பிரிவில் சமூகப்பணிப் படிப்பை மேற்கொள்வதே நம் நாட்டில் பாதுகாப்பான வழி. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் உளநலச் சமூகப்பணிக்கு உயர்பயிற்சியும் உண்டு. சமூகவியல் படித்தது அங்கே வீணாகாது. ஒரு குடும்பத்தைப் பார்க்கும்போது அதைச் சுற்றியுள்ள கூலி முறை, கடன் முறை, திருமண முறை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இறுதி ஆண்டு ஆய்வேடு இன்னும் தொடங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வித்தாளோடு நூறு வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டு, ஏதேனும் ஒரு சிகிச்சை நிலையத்தின் அனுமதியோடு, பாதியில் சிகிச்சையை நிறுத்தியவர்களில் சிலரின் ஒரு வாரத்தை மட்டும் நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். எழுந்தது எப்போது, யாரிடம் கடன் கேட்டது, பேருந்துக்கு எவ்வளவு ஆனது, கூலி எங்கே யார் கையால் வந்தது என்ற அளவில் எழுதுங்கள். அதை அவர்களிடமே படித்துக் காட்டி, எது தவறு என்று கேளுங்கள். வழிகாட்டிப் பேராசிரியரோடு, அந்த நிலையத்தில் பணிபுரியும் சமூகப்பணியாளர் ஒருவரின் மேற்பார்வையையும் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். நிலையத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புதலுக்கு மாதக்கணக்கில் ஆகக்கூடும் என்பதால் விண்ணப்பத்தை இந்தப் பருவத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது.